மச்சான் பிடித்த கயிறு

அகஸ்ரின் தண்ணீருக்குள் இறங்குவதென்றால் அவனுடைய இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கயிறு இருக்கும். அந்தக் கயிற்றின் மறு நுனி றெமிஜியஸின் வலது மணிக்கட்டில் இருக்கும். றெமிஜியஸ், அகஸ்ரினின் மனைவி றோசலினுடைய அண்ணன். அதாவது மச்சான். வேறு யார் பிடித்தாலும் அகஸ்ரின் இறங்கமாட்டான். முதுகில் காற்றுச் சிலிண்டரும் கையில் ஆழம் காட்டும் மணிக்கூடும் கட்டிக்கொண்டு சுழியோடுகிற இந்தக் காலத்தில், வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் ஆட்டுக்குட்டிகள் மாதிரி ஒரே கயிற்றில் போவதைப் பார்த்து மற்றச் சுழியோடிகள் சிரிப்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத்தான் கயிறு என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. அகஸ்ரின் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவனுக்குக் காது ஏற்கெனவே பழுது.

இதையெல்லாம் சொல்கிற எனக்கு நீந்தத் தெரியாது. அதை முதலே சொல்லிவிடுவது நல்லது. என் பெயர் நவரட்ணம். யாழ்ப்பாணத்தில் கடல் எட்டாத ஊரில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த ஆழமெல்லாம் கிணற்றாழம். ரொறன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றேன். அதே நகரத்து வெக்ஸ்போர்ட்டில் அகஸ்ரின் குடும்பம் இருந்த கட்டடத்திலேயே நாங்களும் இருக்கிறோம். அவர்கள் இருவரும் சுழியோடப் போகும்போது வானை ஓட்டுவதும், கரையில் மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டிக்குக் காவல் இருப்பதும் என் வேலை. றெமிஜியஸ் எனக்குக் கரைக்காரன் என்று பட்டம் வைத்திருந்தான். பஸ் ஓட்டினவனுக்குச் சும்மா இருக்க ஒரு இடம் கிடைத்தால் போதும், நானும் மறுக்கவில்லை.

கயிற்று வழக்கம் மன்னார்க் கரையில் முத்தும் சங்கும் குளித்த காலத்தது. கீழே போகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவனின் கையில். கூடப்பிறந்தவனை நம்பலாம் என்றால், பங்குச் சண்டை இல்லாத அண்ணன் தம்பி எந்த வீட்டில் இருக்கிறார்கள்? மச்சான் அப்படியல்ல. அவன் கயிற்றை விட்டால் தாலி அறுவது அவனுடைய சொந்தத் தங்கைக்கு. மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வோம். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் அதை எதற்குச் சொன்னார்களோ தெரியாது. கடலில் இறங்கியவர்கள் அதைச் சொல்லாமலே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதிலே ஒரு முறை இருந்தது. கீழே இருக்கிறவன் நேரத்தையும் மூச்சையும் பற்றி யோசிக்கமாட்டான். அவன் கண் நிலத்தில் இருக்கவேண்டும். எப்போது ஏறுவது என்று தீர்மானிப்பவன் கயிற்றுக்காரன். கயிற்றில் ஒரு இழுப்பு வந்தால் 'இருக்கிறாயா' என்று அர்த்தம். கீழே இருப்பவன் திருப்பி ஒன்று இழுத்தால் 'இருக்கிறேன்'. இரண்டு இழுப்பு வந்தால் மறுபேச்சில்லாமல் மேலே வரவேண்டும். அகஸ்ரினின் தகப்பன் சங்கு குளித்தவர். மாமன் கயிறு பிடித்தார். அகஸ்ரினும் மீசை அரும்பும் வயதில் கடலட்டை எடுக்க இறங்கியவன். பிறகு சண்டை வந்தது, கடலுக்குத் தடை வந்தது, அகஸ்ரின் கனடாவுக்கு வந்தான். வரும்போது உடுப்பு இரண்டும் இந்தப் பழக்கமும் கூட வந்தன. இங்கே சுழியோட முறைப்படி படித்து அனுமதி அட்டை எடுத்தபோது, சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் மானியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சோதனைக்காகப் பார்த்தான். சோதனை முடிந்தபின் அந்த மானியை றெமிஜியஸ்தான் பார்த்தான். தன்னுடையதையும் பார்த்து, இடைக்கிடை கிட்டப் போய் அகஸ்ரினுடையதையும் எட்டிப் பார்த்து, நேரம் வந்ததும் இரண்டு இழுப்பு. இவன் மேலே வருவான்.

இருவரும் சந்தித்தது பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில். மீனும் இறைச்சியும் உறைந்து கிடக்கிற பகுதியில் அகஸ்ரின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான், இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறான். றெமிஜியஸ் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள், வாய் ஓயாதவன். கடலை விட்டு வந்தவர்கள் என்று தெரிந்ததும் ஒட்டிக்கொண்டார்கள். அகஸ்ரினுக்குக் கயிறு பிடிக்க மச்சான் இல்லை. றெமிஜியஸுக்குக் கலியாணம் ஆகாத தங்கை இருந்தாள். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். "இவர் என்னைப் பொம்பிளை பாக்க வரேல்ல, கயிறு பிடிக்க ஆள் பாக்க வந்தவர்" என்று றோசலின் ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் வந்திருந்து சொல்லிச் சிரிப்பாள். என் மனைவி கமலாம்பிகையும் சேர்ந்து சிரிப்பாள். வருடங்கள் போகப்போக அதே வசனத்தைச் சிரிக்காமல் சொன்னாள்.

அகஸ்ரின் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், ஞாயிறு பூசை தவறவிடமாட்டான், மனைவியின் சப்பாத்தில் பனி ஒட்டியிருந்தால் துடைத்து வைப்பான். ஆனால் கதைக்கமாட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற மாதிரி இருப்பான். வீட்டில் ஒருத்தி காலையிலிருந்து இரவுவரை கேட்ட கேள்விகளுக்கு ஓம், இல்லை, தெரியாது என்ற மூன்றையும் வைத்துக்கொண்டே இருபது வருடத்துக்கு மேல் சமாளித்துவிட்டான். பிள்ளைகள் இருவரும் படித்து வேலை கிடைத்து வேறு நகரங்களுக்குப் போனபின் அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும் என்று கமலாம்பிகை சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன் றோசலினின் மார்பில் ஒரு கட்டி கண்டார்கள். சதைத்துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் இராது என்று அகஸ்ரின் சொன்னான். முடிவு வந்த வெள்ளிக்கிழமை மச்சான்மார் இருவரும் லீவெடுத்துக்கொண்டு வடக்கே ஒரு குடாவுக்குச் சுழியோடப் போயிருந்தார்கள். எனக்கு முழங்கால் பிடித்திருந்ததால் நான் போகவில்லை. காலையில் கிளினிக்கிலிருந்து றோசலினை அழைத்து, முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்றார்கள். நேரில் வாருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். அவள் புருஷனுக்குப் போன் எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணனுக்கு எடுத்தாள். இரண்டு போனும் பூட்டிய வாகனத்துக்குள் அடித்து ஓய்ந்தன. கடைசியில் கமலாம்பிகைதான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

கட்டி சாதாரணக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. பின்னேரம் அகஸ்ரின் வந்தபோது றோசலின் அதைச் சொன்னாள். "நான் சொன்னன் தானே" என்றான். பிறகு ஈரக் கையுறையை எங்கே காயப்போடுவது என்று கேட்டான்.

அதற்குப் பிறகும் அவள் இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தாள் என்பதுதான் எனக்கு அதிசயம். இந்த ஆடியில் ஒரு நாள் தன் உடுப்புகளையும் மாதா சொரூபத்தையும் எடுத்துக்கொண்டு பிறம்ரனுக்கு, அண்ணன் வீட்டு பேஸ்மென்ருக்குப் போய்விட்டாள். சட்டத்தரணியிடமும் போய்வந்தாள் என்று கேள்வி. றெமிஜியஸ் கொதித்துப்போயிருந்தான். தன் வீட்டு நிலத்துக்குக் கீழே தங்கை அழுகிற சத்தம் எந்த அண்ணனுக்கும் நெருப்புத்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவனும் தண்ணீருக்குள்தான் இருந்தான், அவனுடைய போனும்தான் அடித்து ஓய்ந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவன் அகஸ்ரின் தலையிலேயே கொட்டினான் என்பது என் எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

ஒவ்வொரு புரட்டாதியும் நாங்கள் கியூபெக்கில் ஒரு சின்ன ஊருக்குப் போவோம். அந்த ஊரின் பெயர் எங்கள் மூவரின் நாக்கிலும் நேராக வந்ததில்லை; 'ஆத்துவாய்' என்றே சொல்வோம். பெரிய ஆறு அங்கே கடலாகிவிடுகிறது. உப்புத் தண்ணீர், கோடையிலும் கையை வைத்தால் எலும்பு கடுக்கும் குளிர், கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே பாறைச்சுவர் நேரே கீழே இறங்கும். படகு தேவையில்லை, படியால் இறங்கி நடந்தே போகலாம். அங்கே கடலட்டைகளும் உண்டு. சிவப்பும் மஞ்சளுமாய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியுமாம். அகஸ்ரின் ஒரு காலத்தில் அட்டையை எடுத்து விற்றுச் சீவித்தவன். இங்கே அதைத் தொடக்கூடமாட்டான், முன்னால் மிதந்துகொண்டு பார்த்தபடி இருப்பான் என்று றெமிஜியஸ் சொல்லுவான்.

ஆத்துவாயில் ஒரே பயம் கடல் ஏறி இறங்குகிற வற்றும் பெருக்கும்தான். மன்னாரில் பெருக்கு வந்தால் முழங்கால் அளவு ஏறி இறங்கும். எங்கள் ஒன்ராறியோ வாவியில் அதுவும் கிடையாது. ஆத்துவாயிலோ தண்ணீர் ஒரு வீட்டுக் கூரை உயரத்துக்கு ஏறி, அதேயளவு இறங்கும். பெருக்கு உச்சிக்கு வந்து வற்றுத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் கடல் அசையாமல் நிற்கும். அதற்குள் இறங்கி அதற்குள் ஏறிவிடவேண்டும். வற்றுத் தொடங்கிவிட்டால் நீரோட்டம் கரையோடு போய் முனையைத் தாண்டி ஆளை வெளியே கொண்டுபோய்விடும்.

இந்த வருடம் பயணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். இருவரும் தனித்தனியே எனக்கு அழைத்து, போகிறோம் என்றார்கள். வரவில்லை என்று முதலில் சொல்கிறவன் தோற்றவன் ஆகிவிடுவான் போலிருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் றோசலின் அழைத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"நவம் அண்ணை, கயிறை மட்டும் கட்ட விடாதேங்கோ."

ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

"அவர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லயாம். சமைக்கிறேல்லயாம். தண்ணிக்கடியில என்ன நினைப்பாரோ எனக்குத் தெரியாது. மேல வரமாட்டன் எண்டு நிண்டாரெண்டால், அண்ணாவும் அந்தக் கயிறோட போயிடுவார். அவையை மறிச்சாலும் நிக்கமாட்டினம். கயிறையாவது மறியுங்கோ."

கமலாம்பிகையிடம் சொன்னால் வானை ஓட்டமுடியாதபடி திறப்பை எடுத்து ஒளித்துவிடுவாள் என்று சொல்லாமல் விட்டேன்.

விடியப் புறப்பட்டோம். றெமிஜியஸ் முன்னால், அகஸ்ரின் பின் இருக்கையில் சிலிண்டர்களோடு சிலிண்டராக. நாள் முழுக்க நீண்ட அந்த ஓட்டத்தில் இருவரும் ஒருவரோடொருவர் பேசிய வார்த்தை இல்லை. "பின்னுக்கு இருக்கிற ஆளுக்குக் கோப்பி வேணுமோ எண்டு கேளுங்கோ, அண்ணை" என்று றெமிஜியஸ் கேட்பான். நான் திரும்பிக் கேட்பேன். அகஸ்ரின் தலையாட்டுவான். நான் திரும்பவும் முன்னால் இருப்பவனுக்கு அறிவிப்பேன். பஸ் ஓட்டிய காலத்தில்கூட இவ்வளவு அறிவித்தல் செய்ததில்லை. மற்ற வருடங்களில் மொன்றியல் வருமுன் றெமிஜியஸ் சொல்லுகிற பகிடிகளுக்கு அகஸ்ரின் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரிப்பது கண்ணாடியில் தெரியும். இந்த முறை கண்ணாடியில் யன்னலைப் பார்த்தபடி ஒரு பக்க முகம்தான் தெரிந்தது. நன்றாக மெலிந்திருந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனோம். மேகம் மூடியிருந்தது. பெருக்கு உச்சியை நெருங்கி, வழக்கமாக நான் குறி வைத்துப் பார்க்கிற பாறையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. குளிர் ஏறாத தடித்த உடுப்புகளை மாட்டி, சிலிண்டரைச் சுமந்து, இருவரும் படியடியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு அகஸ்ரின் இடுப்பிலிருந்து கயிற்றுச் சுருளை எடுத்தான். தன் மணிக்கட்டில் போட்டான். மற்ற நுனியில் இருந்த சுருக்குத் தடத்தை றெமிஜியஸிடம் நீட்டினான். அந்த நீட்டலிலேயே அவன் கேட்கக்கூடிய மன்னிப்பெல்லாம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

றெமிஜியஸ் அந்தத் தடத்தைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"கயிறு பிடிக்கிறது மச்சான்ர வேலை. நான் இப்ப உனக்கு ஆர்?"

அகஸ்ரினின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றி, ஒழுங்காகச் சுற்றி, என் மடியில் கொண்டுவந்து வைத்தான். எனக்கு அந்த நேரத்தில் வந்தது நிம்மதி. வெளிப்படையாகச் சொல்கிறேன், நிம்மதிதான். றோசலின் கேட்டது நான் வாய் திறக்காமலே நடந்துவிட்டது. இனி ஒருவனை மற்றவன் இழுத்துக்கொண்டு போக வழியில்லை. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கி மறைவதைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் காற்றுக் குமிழிகள் மேலே வந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தேன்.

குமிழிகள் மெல்லமெல்ல விலகின. ஒரு கூட்டம் படிக்கு நேரே நின்றது. மற்றது சுவரோரமாய்ப் போய், அலையில் கலந்து, என் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குறிப்பாறையைப் பார்த்தேன். அதன் கழுத்து வெளியே வந்திருந்தது. வற்றுத் தொடங்கிவிட்டது. கதிரையை விட்டு எழும்பினேன். அப்போது ஒரு தலை மேலே வந்தது. றெமிஜியஸ். முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எங்கே அவன் என்று நான் கத்தினேன். கத்தியது எனக்கே கேட்டது. பஸ்ஸில் பிரேக் பிடிக்காத கனவில் கத்துவது மாதிரி இருந்தது.

கீழே ஒரு இடத்தில் தண்ணீர் கலங்கியிருந்ததாம். அதற்குள் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். நேரம் வந்ததும் றெமிஜியஸ் பழக்கத்தில் வலது கையை இரண்டு தரம் இழுத்தான். அங்கே கயிறு இல்லை. தவறவிட்டால் கொஞ்சம் தேடிவிட்டு மேலே வரவேண்டும், மேலே சந்திக்கவேண்டும் என்பது சுழியோடிகள் படிக்கிற முதற்பாடம். அவன் அதைச் செய்தான். மற்றவனும் அதையே செய்வான் என்று நினைத்தான். மற்றவன் யார் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டான். இத்தனை வருடமாக மச்சான் இழுத்தால் மட்டுமே மேலே வந்த ஒருவனுக்குத் தானாக மேலே வருவது எப்படி என்று தெரியுமா?

"அவன் பாக்கமாட்டான், அண்ணை" என்று றெமிஜியஸ் கரையேறிக்கொண்டே சொன்னான். முகம் சாம்பலாயிருந்தது. "அவன் ஒருநாளும் மானியைப் பாக்கமாட்டான். நான்தான் பாக்கிறனான்."

சிலிண்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, என் கையிலிருந்த கயிற்றைப் பறித்துக்கொண்டு முனையை நோக்கி ஓடினான். நானும் ஓடினேன். என் முழங்கால் எனக்கு ஞாபகம் வரவில்லை. பாசி பிடித்த பாறைகளில் விழுந்து எழும்பி முனைக்குப் போனபோது, கரையை ஒட்டித் தண்ணீர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் ஒரு கறுத்த பொருள் வந்தது. தலை. மல்லாந்து கிடந்தான். நீந்த முயன்று களைத்துப்போன கை ஒன்று மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. கரைக்கும் அவனுக்கும் இடையில் ஒரு பஸ் நீளம் இருக்கும். கயிறும் அவ்வளவுதான் இருக்கும்.

றெமிஜியஸ் ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். நான் அவனுடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் குந்தினேன். முதல் எறி தவறியது. இரண்டாவது எறிக்கு முன் அவன் "மச்சான்" என்று கத்தினான். ஆடிக்குப் பிறகு அவன் அகஸ்ரினை அப்படிக் கூப்பிட்டதை அப்போதுதான் கேட்டேன். கயிறு அகஸ்ரினின் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது. அவன் அதைப் பிடித்தான். ஓட்டம் இழுத்த இழுப்பில் எங்கள் இருவரையும் கொண்டுபோகப் பார்த்தது. றோசலின் பயந்தது அப்படியே நடக்கப்போகிறது, மூன்றாவதாக நானும் போகப்போகிறேன், நீந்தவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே பட்டியை விடாமல் இருந்தேன். கயிறு இறுகியதும் அவன் தானாகக் கரைப்பக்கம் வளைந்து வந்து பாறையில் மோதினான். பிடித்து இழுத்தோம்.

கதிரையடியில் விட்ட பிளாஸ்கையும் வானில் இருந்த போர்வையையும் எடுத்துவந்தேன். அகஸ்ரின் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தான். மிச்சத் தேநீரை அவனுக்குப் பருக்கினேன். பிறகு, கேட்கக்கூடாத கேள்வி என்றாலும் கேட்டேன். றோசலினுக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

"அகஸ்ரின், வேணுமெண்டோ கீழ நிண்டனீர்?"

அவன் என்னை விளங்காதவன் போலப் பார்த்தான். விளங்கியதும் தலையை ஆட்டினான்.

"இல்லை அண்ணை. அப்பிடி ஒண்டும் இல்லை. அட்டையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். இழுப்பு வரும் எண்டு நினைச்சன். காத்து இறுகினாப் பிறகுதான் கையைப் பாத்தன். கயிறு இல்லை."

றெமிஜியஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையில் இருந்தான். அவனுடைய மணிக்கட்டில் கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது. தோள்கள் குலுங்கின. வாய் ஓயாத மனிதன் சத்தமில்லாமல் அழுததைப் பார்த்தபோது எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவனுக்குத் தெரியும். அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல நாங்கள் இருவருமே தேவையில்லை.

அகஸ்ரினின் நெஞ்சுக்குள் தண்ணீர்ச் சத்தம் எதுவும் இல்லை, பயமில்லையென்று அந்த ஊர் மருத்துவத் தாதி சொல்லி அனுப்பியபின், அன்றைக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தோம். இந்த முறை இருவருமே பின் இருக்கையில் இருந்தார்கள். கயிறு இருவருக்கும் நடுவில் ஈரமாய்க் கிடந்தது. ஒரு மணித்தியாலம் ஓடியிருப்பேன், வானின் ஒலிபெருக்கியில் என் போன் அடித்தது. றோசலின். எடுத்தேன்.

சுகமாக இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது, வந்தாலும் கமலாம்பிகை இரண்டு நாளில் கறந்துவிடுவாள். கயிற்றைக் கட்டாமல் போனதிலிருந்து, கயிற்றை எறிந்து இழுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வேண்டுமென்று நிற்கவில்லை என்பதையும், இழுப்பு வரும் என்று காத்திருந்தான் என்பதையும் அவன் சொன்ன மாதிரியே சொன்னேன். லொறி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போய் மறைந்தது.

"அண்ணா இழுப்பார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவராமோ?" என்று கேட்டாள்.

ஓம் பிள்ளை என்றேன்.

"நானும் இத்தனை வருசமா இழுத்துக்கொண்டுதான் இருந்தனான், நவம் அண்ணை. இருக்கிறீங்களோ, இருக்கிறீங்களோ எண்டு. ஒருநாளும் திருப்பி ஒரு இழுப்பு வரேல்ல."

ஒலிபெருக்கியில் பேசுகிறாய், இருவரும் பின்னால்தான் இருக்கிறார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். றெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அகஸ்ரின் போர்வையை விலக்கிவிட்டு முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினான்.

"றோசலின்" என்றான்.

ஒலிபெருக்கி எங்கே என்று தேடி, என் தோளுக்கு மேலால் இன்னும் கொஞ்சம் எட்டினான்.

"அந்த வெள்ளிக்கிழமை நீர் போன் எடுத்தனீர். நான் தண்ணிக்குள்ள. என்ன சொல்ல எடுத்தனீர்?"

இரண்டு வருடம் கழித்து, ஒரு நாள் ஓட்டத் தூரத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அதே நேரத்தில், இந்த மனிதன் தன் மனைவியிடம் கையுறையைப் பற்றியல்லாத ஒரு கேள்வி கேட்டுவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வானை மெதுவாக்கி வீதியோரமாக நிறுத்தினேன். அவள் அழைப்பை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"பயமாக் கிடக்கு, வாங்கோ எண்டு சொல்லத்தான்" என்றாள்.

"வாறன்" என்றான் அகஸ்ரின். வானுக்குள் இருக்கிறான் என்பதையும் மறந்து, எழும்பப் பார்த்துத் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டான்.

"இப்ப அவசரமில்லை. ஆறுதலா வாங்கோ."

அழைப்பு நின்றது. நான் வானைத் திரும்பவும் வீதிக்கு எடுத்தேன். எங்கே வரச் சொன்னாள், பிறம்ரனில் அண்ணன் வீட்டுக்கா வெக்ஸ்போர்ட்டில் தங்கள் வீட்டுக்கா என்று திருப்பி அழைத்துக் கேட்க, எங்கள் மூன்று பேரில் ஒருவனுக்கும் துணிவு வரவில்லை.